மீட்ட நிலமும் மரண ஆறும்

கள்ளக்குறிச்சி வட்டாரத்து நைனார்பாளையத்தில் எங்களுக்குச் சிறிது மானாவாரி நிலம் இருந்தது. நான் பள்ளியிற் படித்த நாளில் தந்தையார் அதனைப் போக்கியத்திற்கு விட்டிருந்தார். பட்டா எங்கள் பெயரிலேதான். விளைந்த சோளமோ கடன் கொடுத்தவர் களத்துக்குச் சென்றது. தம் வரப்பிலேயே அயலாரைப்போல் நடந்துசென்ற தந்தையாரின் முகம் இன்னும் என் நினைவில் நிற்கிறது. சில ஆண்டுகளுக்குப் பின்னர்த் தாய்மாமன் தம் உழவு மாடுகளை விற்றுப் பணம் கட்டி, நிலத்தை மீட்டுத் தந்தார்.

கிறிஸ்தவ சமயத்தின் நடுநாயகமாக விளங்கும் 'மீட்பு' என்ற சொல்லின் பொருளை, நான் அறியாமலே அறிந்த இடம் அந்த வரப்புத்தான். நான் அச்சமயத்தைச் சார்ந்தவன் அல்லேன். கல்லூரியில் உடன்பயின்ற கிறிஸ்தவ நண்பர் ஒருவரின் அன்னையாரை அடக்கம் செய்த அன்று, "கிறிஸ்து மரணத்தை வென்றார் என்கிறீர்களே, பின் அம்மா ஏன் இறந்தார்?" என்று கேட்டுவிட்டேன். இடமும் வேளையும் தகாத கேள்வி. நண்பர் சினக்கவில்லை. "எங்களுக்குள்ளேயே அது பழைய கேள்வி" என்றார்.

பழையதுதான். விலக்கப்பட்ட கனியை உண்ணும் நாளிலேயே ஆதாம் சாவான் என்று ஆதியாகமம் எச்சரிக்கிறது. அதே நூலின் ஐந்தாம் அதிகாரமோ அவன் 930 ஆண்டு வாழ்ந்தான் என்கிறது. அப்படியாயின் அன்று செத்தது எது? சாவுக்கு உரியவனாக அவன் ஆனது அன்றுதான் என்பர் சிலர். அன்றே நிகழ்ந்தது ஆன்ம மரணம் என்பர் வேறு சிலர்; கனியை உண்டவன் கடவுளுக்கு அஞ்சி மரங்களிடையே ஒளிந்துகொண்டதை அவர்கள் சுட்டுவர். உயிர் நீங்கினால் உடல் சாவது போலக் கடவுள் நீங்கினால் ஆன்மா சாகிறது என்பது அகுஸ்தீனார் (354-430) தரும் விளக்கம். எனினும் உடலின் சாவும் பாவத்தின் விளைவே என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஆதாம் பாவம் செய்யாதிருந்தாலும் இறந்தே இருப்பான் என்ற கருத்தைக் கார்த்தேசுச் சங்கம் 418-இல் கண்டித்தது. மனிதன் தோன்றுமுன்பே உயிர்கள் மாண்டன என்பதற்குப் பாறைகளிற் பதிந்த எலும்புகள் சான்றாகிவிட்ட இந்நாளில், பாவத்தால் வந்தது ஆன்ம மரணமே என்று கொள்ளும் கிறிஸ்தவர் பலர் உளர். அதனை ஏற்காதாரும் உளர்.

ஆன்ம மரணம் என்றால் ஆன்மா இல்லாமற் போவதன்று. லூக்கா எழுதிய கதையில், வீட்டைவிட்டுச் சென்று பன்றி மேய்த்த இளைய மகன் உண்டான், நடந்தான். திரும்பி வந்தபோது, தந்தை அவனை இறந்து பிழைத்தவன் என்றே சொல்லி மகிழ்கிறார். எனக்கு எங்கள் நிலம் நினைவுக்கு வரும். பட்டா நம் பெயரில் இருக்கிறது. விளைச்சல் பிறர் களத்துக்குப் போகிறது.

வறுமையால் விற்ற நிலத்தை நெருங்கிய உறவினன் மீட்க வேண்டும் என்பது லேவியராகமத்தின் விதி. ரூத்தின் கதையில் போவாஸ் செய்தது அதுவே. கடவுள் மனிதராய்ப் பிறந்து நமக்கு உறவாகி, தம் உயிரையே விலையாகத் தந்தார் என்று கிறிஸ்தவர் நம்புகின்றனர். ஆனால் அவ்விலையைப் பெற்றுக்கொண்டவர் யார்? இங்கே என் தாய்மாமன் உவமை தடுமாறுகிறது. ஒரிகன் சாத்தானைச் சுட்டினார். கடவுளின் மாட்சிக்குச் செலுத்தப்பட வேண்டிய கடன் என்றார் பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய அன்செல்ம். அபெலார்டோ, கடன் பேச்சைக் காட்டிலும், மனித நெஞ்சை இளகச் செய்த அன்பையே பெரிதாகக் கண்டார். எனக்கு அபெலார்டு நெருக்கமானவர். மாடுகளை இழந்த மாமனைப் பார்த்துத் தந்தையார் கண்கலங்கியதைக் கண்டவன் நான்.

நண்பர்க்கு நான் விடுத்த கேள்விக்கு நேரான விடை தமிழ்க் காப்பியம் ஒன்றில் உண்டு. நெல்லை நாட்டு வைணவக் குடும்பத்தில் 1827-இல் பிறந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிக'த்தை இயற்றினார். அது 1894-இல் நூலாக வெளிவந்தது. பனியனின் கதையில், பயணியின் முதுகிலிருந்த பாவச் சுமை சிலுவையடியில் கழன்று உருள்கிறது. பயணம் அங்கே முடிந்துவிடுவதில்லை. பெரும்பகுதி அதற்குப் பின்னர்த்தான் வருகிறது. இறுதியில், விண்ணக நகரின் வாயிலுக்கு முன்னே ஓர் ஆறு கிடக்கிறது. அதற்குப் பாலம் இல்லை. சுமை நீங்கிய அப்பயணியும் அதில் இறங்கியே ஆக வேண்டும். இறங்கியவன் அஞ்சுகிறான், மூழ்கவும் தொடங்குகிறான். உடன்வந்த தோழன் அவன் தலையை நீருக்குமேல் தாங்கிப் பிடிக்கிறான். ஆன்மாவின் மீட்பு வழியிலேயே கிட்டிவிடுகிறது; உடலின் சாவோ வழியின் கோடியில் அப்படியே இருக்கிறது. உடலும் ஒருநாள் உயிர்த்தெழும் என்று கிறிஸ்தவர் எதிர்நோக்குகின்றனர். ஆதலின் இறந்தாரை 'நித்திரையடைந்தார்' என்கின்றனர்.

நண்பரின் அன்னையார் கல்லறையிலும் அச்சொல்லைத்தான் பொறித்திருந்தனர். அதன் அருகே நின்று நண்பர் வெகுநேரம் அழுதார். லாசருவை எழுப்பப் போகும் வேளையிலும், அவன் கல்லறைக்குச் செல்லும் வழியில் இயேசு கண்ணீர் விட்டதாக யோவான் எழுதியிருப்பதை அவர் எனக்குச் சொன்னது, அதற்குச் சில நாட்கள் கழித்துத்தான்.