உங்களுக்குத் தெரியுமா? காட்பாடியில் வந்து இறங்கிய ரத்த மாதிரிகள்

● இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்த இடம் நம் வேலூர். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் யோசனைப்படி பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். கையுறைகூடக் கிடையாது. மாதிரிகள் இருந்தது அவர் வீட்டு ஃபிரிட்ஜில். சென்னையில் சோதனை வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் கணவரோடு ராத்திரி ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். அங்கே டாக்டர் ஜேக்கப் ஜான் தன் வைராலஜி துறையிலிருந்து இருவரைத் துணைக்குத் தந்தார். சோதனைக்கு நடுவில் கரண்ட் போனது. டீ குடித்துவிட்டு வந்து மூடியைத் திறந்தால், ஆறு மாதிரிகள் மஞ்சளாகி இருந்தன. மஞ்சள் என்றால் தொற்று இருக்கிறது. மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கும் அனுப்பி உறுதி செய்துகொண்ட பிறகே, மே மாதம் தமிழக சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

● அந்தப் பெண்களிடம் எதற்கான சோதனை என்று சொல்லவில்லை. பின்னாளில் நிர்மலாவே இதைச் சொல்லியிருக்கிறார். அவருடைய துணிச்சலை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனாலும் நாட்டையே விழிக்க வைத்தது பெயர் தெரியாத ஆறு பெண்களின் ரத்தம். அவர்களுக்குக் கொடுக்க அன்று மருந்து இல்லை. இன்றைக்கு விவரம் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் எச்.ஐ.வி. சோதனை செய்ய வேண்டும். 2017-ம் ஆண்டுச் சட்டம் அது.

● எச்.ஐ.வி. மாத்திரையைச் சீக்கிரம் தொடங்கினால், அது கணவன் அல்லது மனைவியையும் சேர்த்துக் காக்கும் என்று காட்டிய ஆய்வு 9 நாடுகளில் நடந்தது. 1,763 ஜோடிகளில் சென்னை, புனே ஜோடிகளும் உண்டு. சுனிதி சாலமன் 1993-ல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் அதில் ஒரு மையம். சீக்கிரம் மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்தது. முடிவு வந்தது 2011-ல்.

● மாத்திரையை மறக்காமலிருக்க செல்போனில் கூப்பிட்டு ஞாபகப்படுத்தினால்? பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவர்களும் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தாரும் சேர்ந்து தென்னிந்தியாவில் 631 பேரிடம் பார்த்தார்கள். வாரம் ஒரு தானியங்கி அழைப்பு, ஒரு படச் செய்தி, இரண்டு வருடம். போன் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. 2014-ல் அதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். பலிக்காததைப் பலிக்கவில்லை என்று சொல்லும் ஆய்வுக்கு என் மனதில் தனி மரியாதை உண்டு.

● மறதியைவிட தூரமும் கூலியும்தான் பெரிய தடை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். மாத்திரை வாங்கப் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. எங்கே போனாய் என்று கேட்கும் சூப்பர்வைசரிடம் சொல்ல ஒரு பொய்யும் வேண்டும். அரசு 2004 ஏப்ரல் 1 முதல் கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. உடல்நிலை சீரானவர்கள் இந்தக் கூட்டு மருந்து தரும் பெரிய ஏ.ஆர்.டி. மையம்வரை போகாமல் பக்கத்திலேயே வாங்கிக்கொள்ள இணைப்பு மையங்கள் வந்தன. கொரோனா ஊரடங்கில் சில மாத மாத்திரையைச் சேர்த்தே கொடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இவை ஒவ்வொன்றும் மிச்சமான ஒரு நாள் கூலி.

● எச்.ஐ.வி. சோதனை செய்துகொண்டு வந்தால்தான் வேலை என்று எந்த முதலாளியும் சொல்ல முடியாது. தொற்று இருக்கிறது என்பதற்காகப் பாகுபாடு காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது. அதே 2017 சட்டம்தான். அமலுக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இதற்கென்று ஒரு புகார் அலுவலர் இருந்தாக வேண்டும். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை, ஷூ கம்பெனியிலோ தோல் ஷாப்பிலோ இருப்பவர்கள் நாளைக்கே கேட்கலாம்: எங்கள் கம்பெனியில் அவர் யார்? வெளியே விசாரிக்க 1097. கட்டணம் இல்லை.