வைகறையும் விமானமோட்டியும்

ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்த நம் முன்னோர், இரவின் கடைக்கூறாகிய பத்து நாழிகைக்கு வைகறை எனப் பெயரிட்டனர். கடிகாரக் கணக்கிலே அஃது இரவு 2 மணி தொடக்கம் காலை 6 மணி வரையுள்ள நான்கு மணித்தியாலமாகும். மனித உடலின் விழிப்பாற்றல் மிகத் தாழ்ந்து நிற்கும் வேளை என விமானப் போக்குவரத்து விதிகளை வகுத்தோர் குறித்துள்ளதும் இதே நான்கு மணித்தியாலமே. 'பொழுதைப் பெயரிட்டுப் பிரித்ததனால் யாது பயன்?' என்று அகப்பொருள் இலக்கணம் படிக்கும் மாணவர் வினவுவதுண்டு. அதற்குரிய விடையொன்று, சற்றும் எதிர்பாராத இடத்திலே, மங்களூர் விமான விபத்து விசாரணை அறிக்கையிலே கிடக்கின்றது.

2010 மே 22 ஆம் நாள், இந்திய நேரப்படி 2.36 மணியளவிலே, எயர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானமொன்று துபாயிலிருந்து மங்களூர் நோக்கி எழுந்தது. முந்திய இரவு மங்களூரிலிருந்து துபாய்க்கு விமானத்தைச் செலுத்திச் சென்ற குழுவினரே திரும்பும் வழியிலும் அதனைச் செலுத்தினர். உள்ளே பிரயாணிகள் 160 பேர், பணியாளர் அறுவர். அப்பயணம் ஏறத்தாழ முழுவதும் வைகறைப் பொழுதிலே அமைந்தது என்பதை நோக்குக.

விமானமோட்டியின் அறையிலிருந்த ஒலிப்பதிவுக் கருவி இறுதி இரண்டு மணித்தியாலத்தைப் பதிந்து வைத்திருந்தது. அதன் முதல் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலாகத் தலைமை விமானமோட்டியின் பேச்சில்லை; இடையிடையே குறட்டையொலியும் ஆழ்ந்த மூச்சொலியுமே கேட்டன. அவர் விழித்தெழுந்து பொறுப்பேற்றபோது விமானம் கீழிறங்குவது பிந்திவிட்டது. ஓடுபாதையை அண்மிய வேளையிலே, இருக்கவேண்டிய உயரத்தின் ஏறத்தாழ இருமடங்கு உயரத்திலே நின்றது. இறங்குதலைக் கைவிட்டு மீண்டும் மேலெழுமாறு துணை விமானமோட்டி மூன்று முறை கூறினார். எச்சரிக்கைக் கருவியும் இடைவிடாது ஒலித்தது. தலைவரின் செவியில் இரண்டும் ஏறவில்லை. மங்களூர் ஓடுபாதை மேட்டுநிலத்தைச் சமப்படுத்தி அமைத்தது. நீளம் 8,000 அடிக்குச் சற்று மிகுதி. சில்லுகள் தரையை நன்கு பற்றியபோது அதில் 5,200 அடி கழிந்துவிட்டது. அதன் பின்னரே அவர் மீண்டும் மேலெழ முயன்றார். விமானம் பள்ளத்தாக்கில் வீழ்ந்து தீப்பற்றியது. 158 பேர் மாண்டனர், எண்மர் பிழைத்தனர்.

அறிக்கையிலே என் நெஞ்சைத் தைத்த வாசகம் இவ்விழப்பைப் பற்றியதன்று. பறப்புக்கு முன்னர் அத்தலைவருக்குப் போதிய ஓய்வு கிடைத்திருந்தது என்பதே அது. அவர் விடுமுறை கழித்துத் திரும்பிச் சில நாட்களே ஆகியிருந்தன. மணித்தியாலங்களை எண்ணிக் கூட்டினால் குறையொன்றும் இல்லை. ஆயின் உடல் மணித்தியாலங்களை மட்டும் எண்ணுவதில்லை. எந்தப் பொழுது என்றும் நோக்குகின்றது. மூளையின் அடிப்பாகத்திலே பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே சிறியதொரு நரம்பணுத் திரள் உண்டு. ஒளியைக் கொண்டு அது நாளை அளக்கின்றது. வைகறையிலே உடற்சூடு குறையும்; மறுமொழி பிந்தும்; கண் காண்பதை மனம் பற்றாது. பகலில் உறங்கி எழுந்தவனுக்கும் இது பொருந்தும். தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவனது செயற்றிறன், இரத்தத்திலே 0.05 வீதம் மதுசாரம் உள்ளவனுடைய திறனளவுக்குத் தாழ்கின்றது என்று அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் 1997 இல் காட்டினர். மது அருந்தியவனைக் குற்றவாளி என்கிறோம். விழித்திருந்தவனையோ கடமைவீரன் என்று பாராட்டுகிறோம். இலக்குவனின் இமையாக் காவலைக் கம்பன்வழிச் சுவைத்து வளர்ந்த நமக்கு இது வியப்பன்று. அவன் ஆதிசேடனின் அவதாரம் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

அவ்வாறாயின் வானிலே சிறிது உறங்கவிடலாகாதோ எனின், விடலாம். அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா நீண்டதூர விமானமோட்டிகளிடம் நடத்திய சோதனையிலே 40 நிமிட ஓய்வு கொடுக்கப்பட்டது. சராசரி 26 நிமிடம் உறங்கியோர் தெளிந்து பணியாற்றினர். சிறுதுயில் மருந்து. அது நெடுந்துயிலாக நீண்டு, ஆழ்துயிலினின்றும் திடுமென எழுந்தாலோ, எழுந்தவன் சில நிமிடம் விழித்தும் விழியாதவனாகிறான். இதனைத் துயில்மந்தம் எனலாம்.

அதற்கொரு சான்று 2011 சனவரி 14 இல் நேர்ந்தது. ரொறன்ரோவிலிருந்து சூரிச்சுக்குச் சென்ற எயர் கனடா விமானத்தின் துணை விமானமோட்டி அத்திலாந்திக்கின் மேலே 75 நிமிடம் உறங்கினார். விதி அனுமதித்தது 40 நிமிடமே. எழுந்தவர், எதிரே வானில் ஒளிர்ந்த வெள்ளிக் கோளைத் தம்மீது மோதவரும் விமானம் என மயங்கி, விமானத்தின் முகத்தைக் கீழே அழுத்தினார். உண்மையில் எதிர்வந்த அமெரிக்க இராணுவ விமானம் ஆயிரம் அடி கீழேதான் சென்றுகொண்டிருந்தது! தலைவர் உடனே இழுத்து நிமிர்த்தினார். எனினும் பதினாறு பேர் காயமுற்றனர். புலவர் பாடிய விடிவெள்ளி ஒருவனுக்குப் பகையாய்த் தோன்றிய கதை இஃதொன்றே போலும்.

சட்டங்கள் மெல்ல மெல்லத் திருந்துகின்றன. 2009 இல் ஐம்பது பேரைப் பலிகொண்ட பஃபலோ விபத்தின் பின் அமெரிக்கா புதிய ஓய்வு விதிகளை ஆக்கிற்று. பணியளவைக் கணிக்கையிலே, அது தொடங்கும் வேளையையும் அவை கருதின. சரக்கு விமானங்களுக்கு மட்டும் விலக்களித்தனர். சரக்குக்கு உயிரில்லை என்பது மெய், செலுத்துவோனுக்கு உண்டு. விதிகள் நடைமுறைக்கு வருமுன்னரே, 2013 ஓகஸ்டில், அலபாமாவின் பர்மிங்காமிலே சரக்கு விமானமொன்று வைகறையில் வீழ்ந்து விமானமோட்டிகள் இருவரும் இறந்தனர். அவ்விலக்கு அதன் பின்னும் நீடித்தது.

இந்தியாவிலே இரவு என்பது முன்னைய விதிப்படி 5 மணிக்கு முடிந்தது. 2024 இல் வெளியிட்ட திருத்தம் அதனை 6 மணியாக்கி, வாராந்த ஓய்வை 36 இலிருந்து 48 மணித்தியாலமாக உயர்த்தியது. 2025 நவம்பரில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, போதிய விமானமோட்டிகளை ஆயத்தப்படுத்தாத இந்திகோ நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான பறப்புகள் அடுத்த மாதம் நின்றுபோயின. விமான நிலையங்களிலே மக்கள் தவித்தனர். அரசு அந்நிறுவனத்துக்கு இரவு விதிகளிலே தற்காலிக விலக்களித்தது. மங்களூரிலே விமானம் வீழ்ந்தபோது மணி 6 கடந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.