எதுவும் சொல்லாவிட்டால் எவ்வளவு?

கன்டெய்னர் என்றதும் சர்வருக்குள் ஒரு குட்டி சர்வர் என்று நினைத்துக்கொள்கிறோம். லினக்ஸ் கெர்னலுக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது; அதற்குத் தெரிந்ததெல்லாம் புராசஸ்கள்தான். ஒரு புராசஸின் கண்ணுக்கு எதெல்லாம் தெரியலாம் என்பதை நேம்ஸ்பேஸ் பார்த்துக்கொள்கிறது. எவ்வளவு தின்னலாம் என்பது சிகுரூப்பின் பொறுப்பு. கூகுளில் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் 2006இல் தொடங்கிய இந்த வேலை, 2008 ஜனவரியில் லினக்ஸ் 2.6.24உடன் கெர்னலுக்குள் வந்தது. பார்வைக்கு வெறும் ஃபோல்டர். உள்ளே மெமரி.மேக்ஸ், சிபியு.வெயிட், பிட்ஸ்.மேக்ஸ் என்று சின்னச் சின்னக் கோப்புகள். ஒன்றில் ஓர் எண்ணை எழுதினால் அதுதான் சட்டம்.

எழுதாவிட்டால்? புது சிகுரூப் குழுவின் மெமரி.மேக்ஸைத் திறந்தால் 'மேக்ஸ்' என்ற ஒரே சொல் இருக்கும்: சர்வரில் உள்ளதை முழுக்க எடுத்துக்கொள்ளலாம். டாக்கரும் நாம் சொல்லாதவரை மெமரிக்கு வரம்பு வைப்பதில்லை. யாரையும் தடுக்காததால் இது நடுநிலை போலத் தோன்றும். உண்மையில் அடுத்தவர் வயிற்றில் அடிக்கும் ஏற்பாடு. ஒரு கன்டெய்னரில் மெமரி கசிந்து சர்வரின் மெமரியே தீர்ந்துபோனால், கெர்னல் சர்வர் முழுவதும் பலியாளைத் தேடும். பெரும்பாலும் அதிக மெமரி வைத்திருப்பதைத்தான் கொல்லும். அது ஒரு பாவமும் அறியாத டேட்டாபேஸாக இருக்கலாம். வரம்பு இருந்தால் சாவு அந்தக் குழுவுக்குள்ளேயே முடிந்துவிடும். கசிந்த கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு வெளியேறும் (கொலைச் சிக்னலின் எண் 9, அதோடு 128), மற்றவை பாட்டுக்கு ஓடும்.

யூகத்தில் ஓர் எண்ணை வைத்தால் ஒழுங்கான புரோகிராமும் செத்துப்போகுமே என்பார்கள். நியாயம்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பொருந்தாது. சிகுரூப் இரண்டாம் பதிப்பில் சிபியு.வெயிட்டின் டீஃபால்ட் 100. போட்டி வரும்போதுதான் அது பேசும், சும்மா கிடக்கும் நேரத்தை யார் வேண்டுமானாலும் அள்ளலாம். இங்கே கறாரான உச்சவரம்பு வீண். சிபியு.மேக்ஸில் '20000 100000' என்று எழுதினால், 20 மில்லிசெகண்ட் ஓடியபின் மீதி 80 மில்லிசெகண்டும், சிபியு காலியாகவே இருந்தாலும், காத்துக்கிடக்க வேண்டும். மெமரி அப்படியல்ல; கொடுத்ததை அடுத்த நொடியே பிடுங்க முடியாது. புராசஸ் எண்ணிக்கையும் ஆபத்தானதே, தன்னைத்தானே பெருக்கிக்கொண்டே போகும் ஒரு ஃபோர்க் பாம் போதும். சிஸ்டம்டி ஒவ்வொரு சர்வீஸுக்கும் கெர்னல் அனுமதிப்பதில் 15 சதவீதத்தை டீஃபால்ட்டாக வைக்கிறது. நேர்மையான சர்வீஸ் அதைத் தொடுவது அபூர்வம். தாராளமான வரம்பே பேராபத்தைத் தடுத்துவிடும். மெமரிக்கும் மெமரி.ஹை இருக்கிறது: அதைத் தாண்டினால் கொல்லாமல் வேகத்தைக் குறைக்கும்.

இதைவிட வலுவான எதிர்வாதம், இடம் வீணாவதைப் பற்றியது. குபெர்னெட்டீஸில் லிமிட்ரேஞ்ச் மூலம் ஒரு நேம்ஸ்பேஸுக்கே (கெர்னலின் நேம்ஸ்பேஸ் வேறு, பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்) டீஃபால்ட் வரம்பு வைக்கலாம். வரம்பை மட்டும் 2 ஜிபி என்று எழுதி, முன்கூட்டியே ஒதுக்கி வைக்கக் கேட்கும் அளவான ரிக்வெஸ்ட்டை விட்டுவிட்டால், ரிக்வெஸ்ட்டும் 2 ஜிபி ஆகிவிடும். 64 ஜிபி சர்வரில் 32 கன்டெய்னர்களுக்குக்கூட இடம் தேறாது, அவை தூங்கிக்கொண்டிருந்தாலும். அதற்காக வரம்பையே தூக்கி எறிய வேண்டியதில்லை. ரிக்வெஸ்ட்டைத் தனியாக, வழக்கமான தேவையை ஒட்டி எழுதினால் போதும். கூடுதலாக வேண்டிய டேட்டாபேஸ் தன் யாம்ல் கோப்பில் தன் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.