கார்களைப் பெற்றெடுத்த நகரம்

அமெரிக்காவின் வட பகுதியில், கனடா எல்லையை ஒட்டிய ஆற்றங்கரையில் டெட்ரொயிட் என்றொரு நகரம் இருக்கிறது. போர்ட், டொட்ஜ், கடிலாக், பக்கார்ட், கிரைஸ்லர், ஹட்சன் என்று மோட்டார்க் கார்களின் பெயர்களை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தது இந்த நகரம்தான். ஏறத்தாழ 360 சதுர கிலோமீற்றரில் விரிந்து கிடக்கும் இந்நகரில் 1950ஆம் ஆண்டு 18 இலட்சத்து 49 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். 2020இல் எண்ணிப் பார்த்தபோது 6 இலட்சத்து 39 ஆயிரம் பேரே இருந்தார்கள். மூன்று வீடுகளில் இரண்டு வீட்டுக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார், தொழிற்சாலை என்றதும் 'இது ஆண்கள் வாசிக்கும் சங்கதி' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! இந்தக் கதையில் அடுப்படியும் படுக்கையறையும் வருகின்றன. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதத் தோன்றியது.

பிக்கெட் அவெனியூ என்ற வீதியில் 1904இல் கட்டப்பட்ட மூன்று மாடிச் செங்கல் கட்டடமொன்று இன்னும் நிற்கிறது. ஹென்றி போர்ட் தமது புகழ்பெற்ற 'மொடல் டி' காரை 1908இல் முதன்முதலாகச் செய்தது அங்கேதான். இப்போது அது நூதனசாலை. பழைய கார்களைத் துடைத்து மினுக்கி அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தக் கார் வந்த புதிதில் 850 டொலர். 1925இல் 260 டொலருக்கே வாங்கலாம் என்றாகியது. அவ்வளவு மலிவாக்கும் வித்தையைப் போர்ட் கண்டுபிடித்த இடம் அடுத்த தொழிற்சாலை. டெட்ரொயிட்டின் வயிற்றுக்குள்ளேயே தனி நகரமாக இருக்கும் ஹைலண்ட் பார்க்கில் அது 1910இல் திறக்கப்பட்டது.

அங்கே 1913இல் ஒரு மாற்றம் செய்தார்கள். அதுவரை தொழிலாளி காரைத் தேடிப் போனார். இனிமேல் கார் தொழிலாளியைத் தேடி வரும். சங்கிலியில் இழுபட்டு வரும் காருக்கு ஒருவர் ஓர் ஆணியை மாட்டுவார், அடுத்தவர் அதை முறுக்குவார். நாள் முழுவதும் அதே வேலை. காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட முன்பு பன்னிரண்டரை மணித்தியாலம் எடுத்தது. 1914இல் அது 93 நிமிடமாகக் குறைந்தது. ஆனால், ஆட்கள் நிற்கவில்லை. வந்த வேகத்திலேயே வேலையை விட்டு ஓடினார்கள். அதற்கு மருந்தாகத்தான் 1914 ஜனவரியில் 'நாளுக்கு ஐந்து டொலர்' என்று போர்ட் அறிவித்தார். அதுவரை கிடைத்தது 2 டொலர் 34 சதம்! வேலை நேரத்தையும் ஒன்பதிலிருந்து எட்டு மணித்தியாலமாகக் குறைத்தார்.

அறிவித்த அதே மாதத்தில் ஒரு தொழிலாளியின் மனைவி பெயர் போடாமல் போர்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். 'கணவர் வீட்டுக்கு வந்ததும் அப்படியே விழுந்துவிடுகிறார், இராச் சாப்பாடுகூட வேண்டாம் என்கிறார். நீங்கள் தரும் ஐந்து டொலர் பெரிய பாக்கியம்தான், ஆனால் அதற்காக அவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. இதற்கு ஒரு வழி பண்ணக்கூடாதா?' என்ற கருத்தில் அமைந்த கடிதம் அது. சம்பளப் பட்டியலில் இல்லாத ஒன்றை அந்தப் பெண்மணி கண்டிருக்கிறார். சமைத்து வைத்த சோறு ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தானே!

அந்த ஐந்து டொலரும் சும்மா வரவில்லை. பாதி கூலி, மறுபாதி இலாபத்தில் பங்கு என்றார்கள். அந்தப் பங்கைப் பெற வீடு ஒழுங்காக இருக்க வேண்டும். அதைப் பார்க்கவென்றே கம்பனி ஒரு தனிப் பிரிவை அமைத்தது. அதன் உத்தியோகத்தர்கள் வீடு வீடாக வந்து கதவைத் தட்டுவார்கள். வீடு சுத்தமாக இருக்கிறதா? வாடகைக்கு வெளியாட்களை வைத்திருக்கிறீர்களா? கணவர் குடிக்கிறாரா? எவ்வளவு மிச்சம் பிடித்திருக்கிறீர்கள்? எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றவர்களில் எத்தனை பேர் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த தாய்மாரோ! இவ்வளவுக்கும் அந்தத் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்த பெண்களுக்கு ஆரம்பத்தில் ஐந்து டொலர் கிடையாது. 1916இல்தான் அவர்களுக்கும் அது நீட்டப்பட்டது.

பல நாடுகளிலிருந்து வந்த தொழிலாளருக்கு ஆங்கிலம் கற்பிக்கக் கம்பனி ஒரு பாடசாலை நடத்தியது. அதன் பட்டமளிப்பு விழாவை இன்று கேட்டால் சிரிப்பு வரும். கொஞ்சம் மனமும் வலிக்கும். மேடையில் மிகப் பெரிய பானையொன்று. தத்தம் நாட்டு உடையோடு அதற்குள் இறங்குவார்கள். ஆசிரியர்கள் நீண்ட அகப்பைகளால் கிளறுவது போல் நடிப்பார்கள். மறுபக்கம் ஏறி வரும்போது எல்லாரும் அமெரிக்கக் கோட்டும் கையில் அந்நாட்டுக் கொடியுமாக வருவார்கள்.

அந்தத் தொழிலாளர் கூட்டத்தில் முஸ்லிம்களும் இருந்தார்கள். இன்றைய லெபனான், சிரியா பகுதிகளிலிருந்தும் யெமனிலிருந்தும் துருக்கியிலிருந்தும் போனவர்கள். கரூப் என்ற சகோதரர்கள் முன்னின்று 1921இல் ஹைலண்ட் பார்க்கில், தொழிற்சாலைக்கு நடந்து போகும் தூரத்தில், ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள். பள்ளிவாசலாகவே கட்டப்பட்டவற்றில் அமெரிக்காவின் முதலாவது என்று அதைச் சொல்வதுண்டு. சகோதரர்களில் ஒருவரான ஹுஸைன் கரூப் அதன் இமாமாக இருந்தார். ஆனால், சில வருடங்களுக்குள்ளேயே அது மூடப்பட்டுவிட்டது. போர்ட் தமது வேலைகளை டியர்போர்ன் நகரில், ரூஜ் ஆற்றங்கரையில் எழுப்பிய இன்னும் பெரிய தொழிற்சாலைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். வேலை போன பக்கம் குடும்பங்களும் போயின. இன்று டியர்போர்னில் அரபு வம்சாவளியினரே பெரும்பான்மை. 2022இல் பதவியேற்ற மேயர் அப்துல்லாஹ் ஹம்மூத் அந்நகரின் முதல் முஸ்லிம் மேயர். ஒரு முதலாளி தொழிற்சாலையை இடம் மாற்றியதால் ஒரு ஜமாஅத் முழுவதும் இடம் மாறிய கதை இது.

விட்டுப்போன ஹைலண்ட் பார்க்? 1930இல் 52,959 பேர் வாழ்ந்த ஊர் அது. 2020இல் 8,977 பேர். 2011இல் மின்சாரக் கட்டணம் கட்ட வழியில்லாமல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெரு விளக்குகளைக் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போனார்கள். உலகத்துக்கு வேகத்தைக் கற்றுக்கொடுத்த ஊரில், இரவில் பெண்கள் இருட்டுக்குள் நடக்க வேண்டிய நிலை.

ஹென்றி போர்டின் மனைவி கிளாரா எந்தக் காரை ஓட்டினார் தெரியுமா? கணவர் செய்த காரை அல்ல! 'டெட்ரொயிட் எலெக்ட்ரிக்' என்ற வேறொரு கம்பனியின் மின்சாரக் காரை. அக்காலப் பெற்றோல் கார்களை உயிர்ப்பிக்க முன்னால் நின்று இரும்புப் பிடியொன்றைச் சுழற்ற வேண்டும். சில வேளை அது எதிர்த்து உதைத்துக் கையை முறித்துவிடும். மின்சாரக் காரில் அந்தத் தொல்லை இல்லை. புகை இல்லை, சத்தம் இல்லை. உள்ளே சிறிய வரவேற்பறை போல மெத்தை ஆசனங்கள். ஓட்டம் என்னவோ மணிக்கு 20 மைல் அளவில்தான். 1907 முதல் 1939 வரை ஏறத்தாழ 13,000 கார்கள் செய்தார்கள். ஆனால், 1912இல் கடிலாக் கார்களில் பொத்தானை அழுத்தினால் உயிர்க்கும் வசதி வந்ததோடு பெண்களும் மெல்லப் பெற்றோல் காருக்குத் திரும்பினார்கள். நூறு வருடம் கழித்து மின்சாரக் காரைப் புதுமை என்று விளம்பரம் செய்கிறார்கள். கிளாரா கேட்டால் சிரித்திருப்பார்.

இன்னும் இரண்டு பெண்களைச் சொல்ல வேண்டும். டொட்ஜ் சகோதரர்கள் ஜோனும் ஹொரஸும் 1920ஆம் ஆண்டிலேயே அடுத்தடுத்து இறந்து போனார்கள். கம்பனி விதவைகள் இருவர் கைக்கு வந்தது. 1925இல் அவர்கள் அதை விற்ற விலை 14 கோடி 60 இலட்சம் டொலர். ஜோனின் மனைவி மெட்டில்டா, அதே கம்பனியில் காரியதரிசியாக வேலை பார்த்தவர். பின்னாளில் அவரும் அவரது இரண்டாவது கணவரும் தங்கள் காணியையும் 20 இலட்சம் டொலரையும் கொடுத்ததால்தான் 1957இல் ஓக்லண்ட் பல்கலைக்கழகம் தோன்றியது. விற்ற தொழிற்சாலை 1980 ஜனவரியில் மூடப்பட்டது. மறுவருடம் இடித்துவிட்டார்கள்.

இவ்வளவு பெரிய தொழில் ஏன் சரிந்தது? பலரும் உடனே ஜப்பானியக் கார்களைக் காட்டுவார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அதுவும் உண்மைதான். ஆனால், நகரம் அதற்கு முன்பே வெறுமையாகத் தொடங்கிவிட்டது. பழைய தொழிற்சாலைகள் பல மாடிகள் கொண்டவை. புதிய இயந்திரங்களுக்கு ஒரே தளத்தில் பரந்த இடம் வேண்டியிருந்தது. 1947க்கும் 1958க்கும் இடையில் மூன்று பெரிய கம்பனிகளும் டெட்ரொயிட்டைச் சுற்றி 25 புதிய தொழிற்சாலைகள் கட்டின. அத்தனையும் நகர எல்லைக்கு வெளியே. வெள்ளையர் குடும்பங்கள் பின்னால் போயின. கறுப்பினத்தவருக்கு அங்கே வீடு விற்க மறுத்தார்கள். வேலை ஒரு பக்கம், வேலையற்றவர் ஒரு பக்கம். 1967இல் நகரம் பற்றி எரிந்தபோது 43 உயிர்கள் போயின.

பக்கார்ட் கம்பனியின் கட்டடங்கள்தான் இந்த அழிவின் அடையாளமாகப் படங்களில் அதிகம் வந்தவை. 1903இல் தொடங்கி 40 ஏக்கரில் பரந்தவை. செல்வந்தரின் கார் என்று பெயர் பெற்ற பக்கார்ட், டெட்ரொயிட்டில் 1956இல் நின்றது. 1958இல் பெயரும் மறைந்தது. கட்டடம் மட்டும் ஜன்னலின்றி, கூரையின்றிப் பல தசாப்தங்கள் நின்றது. 2013இல் முழுவதும் 405,000 டொலருக்கு விலைபோனது! வாங்கியவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. 2022இல் இடிக்கத் தொடங்கி, 2024 முடிவதற்குள் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள்.

தொழிற்சாலை போவது மட்டுமல்ல, வருவதும் வீட்டை விழுங்கும். 1981இல் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனிக்குப் புதிய தொழிற்சாலை கட்ட, போல்டவுன் என்ற குடியிருப்பை நகர நிர்வாகம் கட்டாயமாகச் சுவீகரித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், தேவாலயங்கள், ஓர் ஆஸ்பத்திரி. ஏறத்தாழ 4,000 பேர் வெளியேற வேண்டியதாயிற்று. வயதான பெண்கள் பலர் தங்கள் தேவாலயத்துக்குள் ஒரு மாதமளவில் உட்கார்ந்து போராடினார்கள். பொலிஸார் வந்து அப்புறப்படுத்தினர். நீதிமன்றமும் கம்பனிக்கே இடங்கொடுத்தது. அது பிழையான தீர்ப்பு என்று அதே மாநில உச்ச நீதிமன்றம் 2004இல் சொன்னது. சொல்லி என்ன, வீடுகள் போய் 23 வருடமாகிவிட்டது! அங்கே அடக்கஸ்தலம் ஒன்று மட்டும் தப்பியது. யூதர்களின் பழைய மையவாடி. தொழிற்சாலை வேலிக்குள் அகப்பட்டுக்கொண்ட அதை, வருடத்தில் இரண்டு நாள் மட்டுமே உறவினருக்குத் திறந்துவிடும் வழக்கம் ஏற்பட்டது. அதே தொழிற்சாலை 2021 முதல் மின்சார வாகனங்களைச் செய்கிறது.

இனிப் பழைய கார்களைப் பற்றி. ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் மூன்றாவது சனிக்கிழமை வுட்வர்ட் அவெனியூவில் அவை ஊர்வலம் போகின்றன. 1995இல் பெர்ண்டேல் என்ற அயல் நகரில், பிள்ளைகளின் உதைபந்தாட்ட மைதானத்துக்குப் பணம் சேர்க்கத் தொடங்கிய விழா இது. இன்று பல்லாயிரம் கார்களும் பத்து இலட்சமளவு மக்களும் கூடுகிறார்கள். பாட்டனார் செய்த காரைப் பேரன் ஓட்டி வருவதும் உண்டு. ஊர்வலம் நகரின் வடக்கு எல்லையான எட்டாம் மைல் வீதிக்கு அப்பால் தொடங்கி, இன்னும் வடக்கே பொண்டியாக் வரை போகிறது. தெற்கே திரும்பி, அதே வுட்வர்ட் அவெனியூவில் சில மைல் தூரம் வந்தால், மொடல் டி கார்கள் இலட்சக்கணக்கில் பிறந்த ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையின் வாசல். அந்தப் பக்கம் ஊர்வலம் வருவதில்லை.