‘அநாதை’ என்று எழுதிய கோப்பு

சியோல் நகரின் நம்டேமுன் சந்தையில் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை. கடைக்கார அம்மா என்னோடு கைச்சைகையில் பேசினார். எனக்குப் பக்கத்தில் இருந்தவரோடு மடமடவென்று கொரிய மொழியில் பேசினார். அவரோ ஒரு சொல்லும் விளங்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். முகம் கொரிய முகம், வளர்ந்தது டென்மார்க்கில். கடைசியில், பாடமாக்கி வைத்திருந்த ஒரு சொல்லைச் சொன்னார்: “இப்யாங்இன்.” தத்துக் கொடுக்கப்பட்டவர் என்று அர்த்தம். அம்மாவின் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. உள்ளே போனவர், நாங்கள் கேட்காத ஒரு கறித்தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

2023இல் ஒரு ஊடகப் பயிற்சிக்காகப் போயிருந்தபோது அறிமுகமானவர் அவர். தேடல் இன்னும் முடியாததால் பெயரைத் தவிர்க்கிறேன். பிறந்த நாட்டைப் பார்ப்பதற்கும், தன்னைப் போலவே வேறு நாடுகளில் வளர்ந்த கொரியத் தத்துப் பிள்ளைகளைச் சந்திப்பதற்கும் வந்திருந்தார். முதலாவது எனக்கு உடனே விளங்கியது. இரண்டாவதற்கு இவ்வளவு தூரம் ஏன் வரவேண்டும் என்பது விளங்கச் சில நாட்கள் எடுத்தன.

கொரியப் போர் 1953இல் ஓய்ந்தது. வெளிநாட்டுத் தத்து அந்த இடிபாட்டிலிருந்துதான் தொடங்கியது. ஆரம்பத்தில் அனுப்பப்பட்டவர்களில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் பலர். 1955இல் ஹரி ஹோல்ட் என்ற ஒரிகன் மாநில விவசாயியும் மனைவியும் எட்டுப் பிள்ளைகளைத் தத்தெடுத்தார்கள். அதன்பின் அந்த ஒற்றையடிப் பாதை பெருவீதியானது. இதுவரை போனவர்கள் சுமார் 2 இலட்சம் பேர். எல்லாம் போரின் விளைவு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் ஆகக் கூடுதலாக அனுப்பப்பட்ட ஆண்டு 1985. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 8,800க்கும் அதிகம். போர் முடிந்து 32 வருடங்கள். நாடு ஒலிம்பிக் நடத்தத் தயாராகிக்கொண்டிருந்த காலம். அப்போது போனவர்களில் பெரும்பாலானோர் திருமணமாகாத தாய்மாரின் பிள்ளைகள். இராணுவ ஆட்சிக்குச் சமூகநலச் செலவு மிச்சம். முகவரகங்களுக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டணம்.

பிள்ளை வெளியே போவதற்கு ஒரு பத்திரம் தேவைப்பட்டது. அங்கே அப்போது குடும்பப் பதிவேடு என்று ஒன்று இருந்தது. பெற்றோர் உயிருடன் இருந்த பிள்ளைகளுக்கும் ‘அநாதை’ என்று தனிப் பதிவேடு திறந்தார்கள். கைக்குழந்தையே குடும்பத் தலைவர். அந்தக் குடும்பத்தில் வேறு எவரும் இல்லை. அநாதை என்று எழுதிவிட்டால் பெற்றோரின் சம்மதம் தேடி அலையவேண்டியதில்லை, விசாவும் இலகு.

இதைவிட மோசமானது ஆள்மாற்றம். டியன் போர்ஷே லியம் என்ற அமெரிக்க ஆவணப்பட இயக்குநரின் கதை இதற்குச் சாட்சி. 1966இல், எட்டு வயதில், ‘சா ஜங் ஹி’ என்ற பெயரில் கலிபோர்னியாவில் ஒரு குடும்பத்திடம் அனுப்பப்பட்டார். உண்மையான சா ஜங் ஹியைத் தகப்பன் வந்து கூட்டிப்போய்விட்டார். அந்தக் குடும்பமோ பிள்ளையை எதிர்பார்த்திருந்தது. அதே அநாதை இல்லத்தில் இருந்த காங் ஒக் ஜின் என்ற சிறுமியை அந்தப் பெயரில் விமானம் ஏற்றினார்கள். நீ யார் என்று சொல்லிவிடாதே என்ற எச்சரிக்கையோடு. பெரியவளானபின் கொரியாவுக்கு எழுதிக் கேட்டபோதுதான் தமையனிடமிருந்து பதில் வந்தது. தாயும் உயிருடன் இருந்தார். இதை 2000இல் படமாக்கியவர், 2010இல் இன்னொரு படம் எடுத்தார்: யாருடைய சப்பாத்தில் தான் நடந்து வந்தோமோ அந்த உண்மையான சா ஜங் ஹியைத் தேடி.

என் டென்மார்க் நண்பரின் கோப்பு இரண்டு பக்கம். ‘பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் கண்டெடுக்கப்பட்டது’ என்று ஒரு வரி. ஊர் இல்லை, நேரம் இல்லை. முப்பது வருடங்களாக அந்த வரியைத் தன்னுடைய பிறப்புக் கதை என்று நம்பியிருந்தார். சியோலில் ஒரு மாலை, பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த மூன்று பேரோடு மேசையில் கோப்புகளை விரித்தார்கள். மூன்றிலும் அதே வரி. சொல்லுக்குச் சொல் அதே வரி. “அப்போதுதான் என்னுடைய கதை ஒரு அச்சுப்படிவம் என்று தெரிந்தது” என்றார். தனியே வந்திருந்தால் அந்தக் கோப்பை வணங்கிவிட்டுத் திரும்பியிருப்பாராம்.

இந்தச் சந்திப்புகள் புதிதல்ல. சுவீடனில் 1986இலேயே சங்கம் அமைத்தார்கள். 1999இல் வொஷிங்டனில் சுமார் 400 பேர் முதன்முறையாகக் கூடினார்கள். தாயைக் கண்டுபிடிப்பவர்கள் சிலர்தான். பெற்றோரின் விபரத்தை வெளியிட அவர்களுடைய சம்மதம் வேண்டும் என்கிறது கொரியச் சட்டம். மரபணு மாதிரி கொடுத்தாலும் மறுபக்கத்திலும் ஒருவர் கொடுத்திருக்க வேண்டும். கர்ப்பத்தை ஊருக்கு மறைத்த பெண், இன்று பேரப்பிள்ளைகளோடு இருப்பவர், இலேசில் முன்வரமாட்டார். எங்கள் வடக்கு கிழக்கில் தாய்மார் படங்களோடு தெருவில் இருந்து பிள்ளைகளைத் தேடுகிறார்கள். அங்கே பிள்ளைகள் தேடுகிறார்கள். தாய்மார் வாய் திறக்க முடியாமல் இருக்கிறார்கள்.

இலங்கையிலிருந்தும் 70களிலும் 80களிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். கொரியாவில் பெற்றோரைப் பத்திரத்திலிருந்து அழித்தார்கள் என்றால், இங்கே சில இடங்களில் பெற்ற தாயாக நடிக்கக் காசு கொடுத்து வேறு பெண்களை நிறுத்தினார்கள். இலங்கையையும் சேர்த்து ஆராய்ந்த குழுவின் அறிக்கை 2021இல் வந்ததும், நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தையே இடைநிறுத்தியது.

கோப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் அதோடு நிற்கவில்லை. 2022இல் டென்மார்க்கில் வளர்ந்தவர்கள் முன்நின்று, பல நாடுகளிலிருந்து 367 பேர் தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் முறையிட்டார்கள். 2025 மார்ச்சில் ஆணைக்குழு பேசியது: பதிவுகள் திரிக்கப்பட்டன, அடையாளங்கள் மாற்றப்பட்டன, அரசு மேற்பார்வை செய்யத் தவறியது. ஒக்டோபரில் ஜனாதிபதி லீ ஜே மியுங் மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் முதலில் பரிசீலித்த 98 பேரில் 56 பேரைத்தான் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்றார்கள். மற்ற 42 பேரின் முறைப்பாடு ஒத்திவைக்கப்பட்டது. காரணம், போதிய ஆவணம் இல்லையாம். ஆவணத்தைப் பொய்யாக்கினார்கள் என்பதுதான் முறைப்பாடே. ஏப்ரலில் விசாரணையே நின்றது. தீர்ப்பில்லாமல் மிஞ்சியவர்கள் 311 பேர்.

நண்பர் மரபணு மாதிரி கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். தாய் இருந்தால் இப்போது எழுபதை நெருங்கியிருப்பார் என்று கணக்குப் பார்த்து எழுதியிருந்தார். அடுத்த ஒன்றுகூடலுக்குப் பயணச்சீட்டும் எடுத்துவிட்டாராம்.