தீங்கு குறைப்பு (அபின்வகைப் போதைப்பொருட்கள்)

தீங்கு குறைப்பு என்பது போதைப்பொருள் பயன்பாட்டை உடனடியாக நிறுத்த இயலாதவர்களிடையே, அதனால் ஏற்படும் இறப்பையும் நோய்த்தொற்றையும் குறைக்க முயலும் பொதுச் சுகாதார அணுகுமுறை ஆகும். எரோயின், மார்ஃபின், டேபென்டடால் போன்ற அபின்வகைப் பொருட்களை அளவுக்கு மீறி உட்கொள்வதால் நிகழும் இறப்பைத் தடுப்பது இதன் முக்கியப் பகுதியாகும். 2019ஆம் ஆண்டு வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 2.26 கோடிப் பேர் இவ்வகைப் பொருட்களைப் பயன்படுத்துகின்றனர்.

இறப்பு நேரும் விதம்

அபின்வகைப் பொருட்கள் மூளையில் மூச்சைத் தூண்டும் பகுதியை மந்தப்படுத்துகின்றன. மூச்சு படிப்படியாகக் குறைந்து, உயிர்வளி இன்மையால் இறப்பு நேர்கிறது. இது பெரும்பாலும் சில நிமிடங்கள் முதல் சில மணி நேரம் வரை நீடிப்பதால், அருகிலிருப்பவர் காப்பாற்ற வாய்ப்புண்டு. எழுப்பியும் எழாமை, மிக மெதுவான மூச்சு, குறட்டை போன்ற ஒலி, நீலம் பாய்ந்த உதடுகள், ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி ஆகியவை அறிகுறிகளாகும்.

மது அல்லது தூக்க மாத்திரையுடன் சேர்த்து உட்கொள்வது ஆபத்தை மிகுவிக்கும். சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ திரும்பியவர்களுக்கும் ஆபத்து அதிகம். இடைவெளியில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுவதால், பழைய அளவே உயிரைப் பறிக்கக்கூடும்.

தென்சென்னையில்

1980இல் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, அடையாறு இந்திரா நகரில் போதை மீட்புச் சிகிச்சை அளித்து வருகிறது. 1990களில் சென்னையில் பியூப்ரிநார்ஃபினை வேறு மருந்துகளுடன் கலந்து ஊசியாகச் செலுத்தும் பழக்கம் பரவியது. ஊசிகளைப் பகிர்ந்ததால் எச்.ஐ.வி. தொற்றும் பரவியது.

தாம்பரம் சானடோரியத்தில் 1928இல் மருத்துவர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை 1937இல் அரசு வசமானது. 1993 முதல் அங்கு எச்.ஐ.வி. நோயாளிகளும் அனுமதிக்கப்பட்டனர். 2004 ஏப்ரலில் இந்திய அரசின் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கிய எட்டு மருத்துவமனைகளுள் இதுவும் ஒன்று. தூய ஊசி வழங்கலும், மருத்துவக் கண்காணிப்பில் மாற்று மருந்து அளித்தலும் தேசிய எய்ட்சுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இடம்பெற்றுள்ளன.

அண்மை ஆண்டுகளில், மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத டேபென்டடால் மாத்திரைகளைக் கரைத்து ஊசியாகச் செலுத்துவது சென்னையிலும் புறநகரிலும் காணப்படுகிறது.

முதலுதவி

பாதிக்கப்பட்டவரைத் தட்டி, உரக்க அழைத்து எழுப்ப முயல வேண்டும். எழாவிடில் 108 எண்ணில் ஆம்புலன்சை அழைக்க வேண்டும். மூச்சு மந்தமாக இருந்தால் 5 நொடிக்கு ஒருமுறை வாய்வழிச் செயற்கைச் சுவாசம் அளிக்கலாம். மூச்சு சீரானால் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். மயங்கியவர் வாயில் நீரோ உப்புக் கரைசலோ ஊற்றுதல் புரையேறச் செய்யும். "தூங்கித் தெளியட்டும்" எனத் தனியே விடுதல் உயிருக்கே ஆபத்தாகும்.

நாலொக்சோன் என்னும் முறிமருந்து சில நிமிடங்களில் மூச்சை மீட்கிறது. இதன் பயன் 30 முதல் 90 நிமிடங்களே நீடிப்பதால், மயக்கம் திரும்பக்கூடும். எனவே மருத்துவமனைக் கண்காணிப்பு தேவை. இத்தகைய நிகழ்வை நேரில் காண வாய்ப்புள்ளோருக்கும் இம்மருந்து கிடைக்க வேண்டும் என 2014இல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது. இந்தியாவில் இது பெரும்பாலும் மருத்துவமனைகளிலேயே ஊசிமருந்தாகப் பயன்படுகிறது.

சட்டமும் அச்சமும்

காவல்துறை மீதான அச்சத்தால் உடனிருப்போர் உதவிக்கு அழைக்கத் தயங்குவது இறப்புக்கு ஒரு காரணமாகும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், அவ்வாறு அழைப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64அ பிரிவு, தாமாகச் சிகிச்சை நாடும் பயன்பாட்டாளருக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. உதவிக்கு அழைக்கும் உடனிருப்போர் பற்றி அப்பிரிவு எதுவும் கூறவில்லை. போதை மீட்பு ஆலோசனைக்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 14446 ஆகும்.