பாடம் நடத்துபவரின் பாடம் – 7: பதிமூன்றில் ஒன்பது போனால்

உயர்கல்வி முடித்த அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கிடைத்துவந்த ஊக்க ஊதிய உயர்வை 2020 மார்ச்சில் தமிழக அரசு நிறுத்தியது. அதுவரை, ஒருவர் எம்.எட். முடித்தார் என்றால் ஆசிரியர் அறையில் எழும் முதல் கேள்வி, ‘இன்கிரிமென்ட் போட்டாச்சா சார்?’ என்பதுதான். படித்தது வகுப்பறைக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்டவர்கள் குறைவு. கஷ்டப்பட்டுப் படித்தவருக்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பணம் இருந்தால்தான் ஆசிரியர் கற்பார் என்ற நம்பிக்கையோடுதான் எனக்குச் சண்டை.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களிடம் சோமா என்ற கட்டைப் புதிரைக் கொடுத்தார். ஏழு துண்டுகளைச் சேர்த்துப் படத்தில் உள்ள உருவத்தைக் கொண்டுவர வேண்டும். மூன்று அமர்வுகள். இரண்டாவது அமர்வில் மட்டும் ஒரு பிரிவினருக்கு, உருவம் ஒன்றுக்கு ஒரு டாலர். ஒவ்வொரு அமர்விலும் நடுவே எட்டு நிமிடம் மாணவர் தனியாக விடப்படுவார்; மேசையில் பத்திரிகைகளும் கிடக்கும். பணம் வந்தபோது அந்த ஓய்வு நேரத்திலும் புதிரோடு மல்லுக்கட்டியவர்கள், பணம் நின்றதும் முதல் அமர்வைவிடக் குறைவாகவே அதைத் தொட்டார்கள். மொத்தம் 24 பேரை வைத்துச் செய்த சின்னச் சோதனைதான். ஆனால் அதில் பிடித்த நூலை விடாமல், ரிச்சர்ட் ரயனோடு சேர்ந்து டெசி ஒரு கோட்பாட்டையே கட்டினார். நானாக விரும்பிச் செய்கிறேன், என்னால் முடிகிறது, எனக்குத் துணை இருக்கிறது – இந்த மூன்று உணர்வுகளும் இருந்தால் மனிதர் தாமாகவே வளர்வார் என்பது அதன் சாரம்.

மூன்றையும் நம் ஆசிரியர்களுக்கான குறுவள மைய (சிஆர்சி) பயிற்சிக் கூட்டத்தில் தேடிப் பாருங்கள். கையெழுத்து, புரொஜெக்டர், மேலிடத்திலிருந்து வந்த மாட்யூல், டீ, குரூப் போட்டோ, ரிப்போர்ட். ஆசிரியர் ஆண்டுக்கு 50 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. மணிக்கணக்கு பார்க்கும் பழக்கம் மட்டும் எல்லா ஊரிலும் உண்டு.

ஜப்பானில் ஆசிரியர்கள் கூடினால் பேச்சே வேறு. பாட ஆய்வு என்று நூறாண்டுக்கு மேலாக அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. சில ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். கடன் வாங்கிக் கழிப்பதை ஒன்றாம் வகுப்புக்குச் சொல்லித்தர எந்தக் கணக்கோடு தொடங்குவது? இதையே நெடுநேரம் அலசுவார்கள். 13-இல் 9 என்று கொடுத்தால், பத்திலிருந்து ஒன்பதை எடுத்து, மிஞ்சிய ஒன்றோடு மூன்றைக் கூட்டும் வழி குழந்தைக்குச் சட்டென்று தென்படும். 12-இல் 3 என்றால், விரல் விட்டு மூன்று எண் பின்னால் போய்விடும். பத்தை உடைக்கும் அவசியமே வராது. 12-இல் 7 என்றால் இரண்டு வழியும் திறந்திருக்கும். எந்தக் குழந்தை எந்த வழியில் போகிறது என்று பார்க்கலாம். பிறகு ஒருவர் பாடம் நடத்துவார். மற்றவர்கள் சுற்றி நின்று, குழந்தைகளின் நோட்டில் என்ன நடக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். அதன்பின் விவாதம். விமர்சனம் பாடத்தின்மீது, நடத்தியவர்மீது அல்ல.

ஜப்பானைச் சொர்க்கம் என்று சொல்லவில்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (ஓஈசிடி) 2018-இல் நடத்திய ஆய்வில், பங்கேற்ற நாடுகளிலேயே அதிக நேரம் உழைப்பதாகச் சொன்னவர்கள் அந்நாட்டு நடுநிலை வகுப்பு ஆசிரியர்கள்தாம்: வாரம் 56 மணி நேரம். இருந்தும், எந்தக் கணக்கோடு தொடங்குவது என்ற அந்தக் கேள்வி அவர்களுடையது. அவர்களின் வகுப்பில் முளைத்தது.

வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சிஆர்சி நாளில் மதியத்துக்கு மேல் மாட்யூலை மூடி வையுங்கள். தங்கள் வகுப்பில் இந்த மாதம் குழந்தைகள் இடறிய ஒரு கணக்கை, ஒரு வாக்கியத்தை ஆசிரியர்களே கொண்டுவரட்டும். அந்த நேரத்துக்கு ரிப்போர்ட் கேட்காதீர்கள்.

(தொடரும்)